இடது பக்கக் கொசு

…தொடாதீங்கன்னு சொல்லியிருக்கவே கூடாது சார். அங்கதான் தப்பு! அப்படிச் சொன்னா எவன்தான் தொடாம இருப்பான்? "மாமா… பத்திரம் மாமா… இது என் பொழப்பு மாமா"ன்னு மூக்காலயே பேசி, பொறந்த கொழந்தையக் குடுக்கற மாதிரி இந்த ஹெட்ஃபோனை என் மடியில வச்சுட்டு வெளியூரு போனான். யாரு? என் மச்சினன். பொண்டாட்டியோட தம்பி. சினிமாவுக்குச் சத்தம் சேக்கற வேலை. இடி எந்தப் பக்கம் விழணும், கதவு எந்தப் பக்கம் கிறீச்சுங்கணும்னு இத மாட்டிக்கிட்டு நிறுத்துப் பாப்பானாம். குழம்புல உப்பு இருக்கான்னு அக்காவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறவன் சார் அவன்!

சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றான். அதுக்குள்ள இந்த பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புல இருக்கற ரிப்பேர்காரரு இதப் பழையபடி ஆக்கிக் குடுக்கணும். இல்லேன்னா என் வீட்டுக்காரி… "என் தம்பி பொருளு கெட்டுச்சு, அவன்கூடவே நானும் கெளம்பிருவேன்"னுட்டா. சொன்னா செய்வா. பெட்டியத் தூசி தட்டி வச்சிருக்கா. இப்ப மணி என்ன சார்?… வாய் அசையுது, சத்தத்தக் காணோமே. ஓ, மெதுவாப் பேசற ஆளா? நல்ல பழக்கம். எங்கூட இப்படி இடது பக்க ஜன்னலோரம் உக்கார்றவங்க எல்லாம் கத்தித் தீப்பாங்க. நீங்க தங்கம்.

நான் தையக்காரன் சார். முப்பது வருஷ கத்திரி. எங்க தொழில்ல ஒரு முறை உண்டு… ரெண்டு கையையும் ஒண்ணா அளக்கக் கூடாது. ஒண்ணை மடக்கி முதுகுக்குப் பின்னாடி வைக்கச் சொல்லிட்டுத்தான் இன்னொண்ணை அளப்பேன். ரெண்டையும் சேத்துப் பாத்தா கண்ணு ஏமாத்திரும். அதே மாதிரிதான் இதையும் பாத்தேன். கோட்டுத் தோளுக்கு வைக்கற பஞ்சுல ஒரு உருண்டை உருட்டி, இடது காதுல நல்லா அமுக்கிட்டு, வலது பக்கத்த மட்டும் கேட்டேன். ஆகா! பட்டுத்துணியில கத்திரி போற மாதிரி இருந்துச்சு. சரி, அடுத்த பக்கம் பாப்போம்னு இருக்கும்போது ஒரு அம்மா வந்துட்டாங்க. "கல்யாணம் நாளைக்கு, ரவிக்கை இன்னிக்கே பத்தல"ன்னு ஒரே ஒப்பாரி. பிரிச்சு விட்டுத் தச்சுக் குடுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு.

மறுநாள் ரெண்டு பக்கமும் மாட்டிக் கேக்கறேன்… சார், இடது பக்கம் மந்தம்! பாட்ட வச்சுச் சொல்லல. பாட்டு பொய் சொல்லும். மச்சினன் ஏதோ படத்துக்காக ஒரு கொசுச் சத்தத்தப் பதிவு பண்ணி என் போனுக்கு அனுப்பியிருந்தான். வலது காதுல பொறந்து, நடு மண்டை வழியா இடது காதுக்குப் போகணும் அந்தக் கொசு. வலதுல ஙொய்ய்ய்னு வருது. மூக்குத் தண்டு தாண்டுது. இடது பக்கம் எட்டிப் பாக்குது… செத்துப் போயிருது! தினமும் நாப்பது தடவை வச்சுக் கேட்டேன். நாப்பது தடவையும் சாவு!

என்ன சார், காதைக் காட்டறீங்க? கேட்டுப் பாக்கணுமா? இருங்க, தர்றேன். அவசரம் ஆகாது.

இவ்வளவு வெல குடுத்து வாங்கினது ஒரு பக்கம் ஊமையா? மனசு கேக்குமா? தையல் பிரிக்கற ஊசியால இடது பக்க மெத்தையக் கழட்டினேன். உள்ள வட்டமா ஒரு கம்பளித் துணி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, உருவி எறிஞ்சேன். கொஞ்சம் தேறுச்சு. பெல்ட்டுக்கு ஓட்டை போடற குத்தூசியால அதோட முதுகுல பதினொரு ஓட்டை போட்டேன். இன்னும் கொஞ்சம் தேறுச்சு. வலது பக்கம் ரொம்ப துள்ளுதேன்னு கோட்டுப் பஞ்சு ரெண்டு பிடி, மேல ரவிக்கை லைனிங் மூணு மடிப்பு… நேத்து பாருங்க, கொசு இந்தக் கோடியில கெளம்பி அந்தக் கோடி வரைக்கும் உசுரோட போச்சு! கண்ணுல தண்ணி வந்துருச்சு சார்.

அப்புறம் எதுக்கு ரிப்பேர்காரருங்கறீங்களா? பதினொரு ஓட்டையக் காதால பாக்கற வரைக்கும் சரி, மச்சினன் கண்ணால பாப்பானே!

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, வண்டி ஓடும்போது நிக்கக் கூடாது. இந்தப் பத்து நாள்ல ஒரே நல்லது, வீட்டுல சண்டை இல்ல. நான் மெஷின்ல உக்காந்தா அவ இடது பக்கம் உக்காந்து கொக்கி தைப்பா. முன்னெல்லாம் தகரத்துல மழை பேயற மாதிரி கொட்டுவா. இப்ப உதடு அசையுது, அவ்வளவுதான். திருந்திட்டா சார். உங்கள மாதிரியே…

என்ன இது, காதுல கைய விடறீங்க! நல்லாவா இருக்கு? சார்… வலிக்குது சார்… ஆ!

… … …

ஐயோ! ஏன் இப்படிக் கத்தறீங்க?! பஸ்ஸு இவ்வளவு சத்தமாவா ஓடுது? என்ன? நீங்க எறங்க வேண்டிய எடம் நாலு ஸ்டாப்புக்கு முன்னாடியே போயிருச்சா? அப்பலேர்ந்தே கத்திக்கிட்டு இருக்கீங்களா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்!

அது என்ன உங்க கையில… பஞ்சா? என் கோட்டுப் பஞ்சா?

…அப்ப அந்த ரவிக்கைக்காரம்மா வந்தன்னிக்கு நான்…

இருங்க, பேசாதீங்க. ஹெட்ஃபோனை மாட்டறேன். கொசுவ விடறேன். வலதுல… ஒண்ணும் காணோம். மூக்குத் தண்டு… அம்மாடியோவ்! இடது பக்கம் கொசுவா இது? கல்லு ஒடைக்கற மெஷின் சார்! பத்து நாளா அடைச்சுக் கெடந்த காத நம்பி, நல்லா இருந்த பொருளக் குத்திக் கொதறி… போச்சு. மச்சினன் பொழப்பும் போச்சு, பெட்டியோட அவளும் போச்சு.

…சார், அந்தப் பஞ்சைக் கீழ போட்றாதீங்க. குடுங்க இப்படி.

ஒரு தோள் எறங்கின ஆளுக்கு நான் என்ன பண்ணுவேன்? கோட்டையா வெட்டுவேன்? தோள்ல பஞ்ச வச்சு ஏத்துவேன். அதேதான்! எங்க… அமுக்கறேன்… கொசு வலதுல பொறக்குது, நடு மண்டை, இடது… போகுது சார், போகுது! நூல் புடிச்ச மாதிரி! மச்சினனுக்கும் புதுசா ஒரு உருண்டை உருட்டி, காதுல வச்சு, அளவு பாத்துக் குடுத்துர்றேன். ஓட்டைக்கு மேல பொத்தான் தச்சுரலாம், பதினொண்ணு. ரிப்பேர்காரரே வேணாம்! அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிர்றேன், உங்க ஸ்டாப்பு வரைக்கும் பேசிக்கிட்டே போலாம்.

என்ன சார், மறுபடியும் வாய மட்டும் அசைக்கறீங்க? நீங்க உண்மையிலயே தங்கம் சார்.