தப்பு, அடுத்தது

எனக்குப் படத்தில் ஒழுங்காக நிற்கவே வராது மேடம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். தங்கச்சி எனக்கு நேர் எதிர். அதனால் நீங்கள் அவள் படங்களிலிருந்து விசாரணையை ஆரம்பித்தது எனக்கு வசதிதான். அவற்றை ஒன்றுவிடாமல் பார்த்தவள் நான்.

அவள் தன்னைத்தானே எடுத்துக்கொள்வாள். போனைச் சோப்புத்தூள் டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நிற்பாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கையில் ஒட்டடைக் கம்போடு ஒரு படம். துணி ஊறவைக்கிற பெரிய வாளிக்குள் உட்கார்ந்து இன்னொன்று. எடுத்த கையோடு நண்பர்கள் குழுவில் போட்டுவிடுவாள். குழு என்றால் இவளோடு சேர்த்து நாலே பேர், பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். பெரியப்பா என்று ஒருவன். இவள் வயதுதான், முடி சீக்கிரம் கொட்டிவிட்டது, எடுத்ததற்கெல்லாம் புத்தி சொல்வான். கொசு என்று ஒருத்தி, அவள் குரல் அப்படி. மூன்றாவது ஆள் வக்கீல். செருப்புக் கடையில்தான் வேலை, ஆனால் ஒரு பேச்சைப் பிடித்தால் விடமாட்டாள்.

படத்துக்குத் தலைப்பு வைப்பது அவர்கள் விளையாட்டு. ஒட்டடைக் கம்புப் படத்துக்கு, "போருக்குப் போற மகாராணி, சம்பளம் பாக்கி" என்று போட்டாள் கொசு. "தப்பு, அடுத்தது" என்று இவள் பதில் போட்டாள். "சிலந்திய காலி பண்ண வந்த ஹவுஸ் ஓனர்" என்றான் பெரியப்பா. தப்பு, அடுத்தது. இப்படியே மணிக்கணக்கில் ஓடும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லையே என்று ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

அம்மா போனபோது அவள் ஏழாவது படித்தாள். தலை வாரிவிட்டது, காய்ச்சலில் கண் விழித்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் நான்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கணக்குக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் என் கைக்குள் வளர்ந்தவள் என்பது உங்களுக்குப் புரிந்தால் மற்றதும் புரியும்.

அந்தப் படங்களைப் பார்த்து வெளியூர் ஸ்டூடியோ ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீயும் லீவு கெடைக்கறப்போ வந்து பாத்துட்டுப் போக்கா" என்றாள். பாத்துட்டுப் போ. விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி. ரொம்பச் சந்தோஷம் என்றேன்.

கிளம்புகிற வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது உண்மையான காய்ச்சல், அதில் என் கை எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் இறங்கிய பிறகும் தலைசுற்றல் நிற்கவில்லை. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எந்த மாத்திரை என்ன செய்யும், எவ்வளவு கொடுக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அளவு கூடிப்போகாமல் பார்த்துக்கொண்டேன். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் மாடிப்படி செங்குத்தானது, தடுமாறி உருண்டுவிட்டால் என்ன ஆவது? அதனால்தான் அவள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தேன். தச்சரிடம் அது சாமான் போடுகிற அறை என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை.

ஸ்டூடியோவுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வேற ஆள எடுத்துட்டாங்களாம்" என்றேன். அவர்கள் காத்திருப்பதாகத்தான் சொன்னார்கள். அவளுக்கு மனசு மாறிவிட்டது என்று நான் சொல்லிவிட்டேன். ஒருநாள், "எனக்கு இந்த மாத்திரை வேணாம்" என்றாள். ஏன் என்றேன். "நீ குடுக்கற" என்றாள். அதிலிருந்து பொடி செய்து பாலில் கலந்துவிட்டேன். சண்டை மிச்சம். கொஞ்சநாள் கதவைத் தட்டிக் கத்தினாள். கீழ்வீட்டில் விசாரித்தார்கள், ஜன்னியில் பிதற்றுகிறாள் என்றேன். பாவம் என்றார்கள்.

பிடுங்கி வைத்திருந்த போனைப் பிறகு ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறீர்கள். அவளிடமிருந்து ஒன்றுமே வராவிட்டால் அந்த மூன்று பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். படம் வந்துகொண்டிருந்தால் யார் வரப்போகிறார்கள்? ஒட்டுகிற காய்ச்சல், யாரும் வரவேண்டாம் என்று அவள் பெயரில் நானே முதலில் எழுதினேன். அதன்பிறகு லீவு நாட்களில், நான் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஒரு படம் எடுக்கலாம், பதில் எழுதலாம். நான் படித்துப் பார்த்து நானே அனுப்புவேன். தாழ்ப்பாளோ மாத்திரை அட்டையோ எதிலும் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் படத்தை அனுப்பியபோது மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்து, யாருக்கும் சந்தேகம் வரும் முகம். "எந்தக் கடை மை? என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு டப்பா வேணும்" என்று வந்தது பெரியப்பாவிடமிருந்து. "பேய் வேலைக்கு இன்டர்வியூ" என்றாள் கொசு. "செலக்ட் ஆகல, ரொம்ப ஒல்லி" என்றாள் வக்கீல். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தனை நாள் பாரம் இறங்கின நிம்மதி அது. நிமிர்ந்தால் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் கழித்து, "தப்பு, அடுத்தது" என்று தட்டி என்னிடம் நீட்டினாள்.

வாராவாரம் படம் போயிற்று. அவள் இளைக்க இளைக்க அவர்கள் கேலி கூடிக்கொண்டே போயிற்று. அவள் என்ன காட்டினாலும் அவர்களுக்கு அது வேடிக்கைதான். கதவுக்கு நான் ஒரு தாழ்ப்பாள் போட்டேன் என்றால் அவர்கள் சிரித்துச் சிரித்து இன்னொன்று போட்டார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

கடைசிப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருப்பாள், கம்பிகளின் நிழல் முகத்தில் விழும். வெயில் அழகாக இருந்தது, எனக்குத் தவறாக ஒன்றும் தெரியவில்லை. "வரிக்குதிரைக்கு ஜலதோஷம்" என்றாள் கொசு. தப்பு, அடுத்தது. "ஜன்னல் கம்பிக்கு விளம்பரம்" என்றான் பெரியப்பா. தப்பு, அடுத்தது. "ஜாமீன் கெடைக்காத கைதி" என்றாள் வக்கீல்.

தங்கச்சி போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியின்மேல் விரலை ஓட்டினாள். பிறகு "சரி" என்று தட்டி என்னிடம் கொடுத்தாள்.

படித்துப் பார்த்தேன். ஒற்றைச் சொல். ஒருவழியாக யாரோ ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, என் விரலால் நானே அனுப்பினேன். குழுவில் பேச்சு நின்றுபோனது. ஆட்டம் முடிந்தால் கலைவதுதானே என்று இருந்துவிட்டேன். கொஞ்சம் கழித்து வக்கீல், "படம் சூப்பர், ரெஸ்ட் எடு" என்று மட்டும் போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நீங்கள் படியேறி அந்தத் தாழ்ப்பாளை நீக்கியபோது நான் தடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வக்கீலிடம்தான் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. அழுதுகொண்டே சொன்னாள். "அவ இதுவரைக்கும் யாருக்கும் சரின்னு சொன்னதே இல்லக்கா. சரியான தலைப்புன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அதுதான் விளையாட்டே." இத்தனை வருஷம் அடுப்படியில் நின்று கேட்டும், எங்கேயோ ஒரு விடை இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

ஆமாம், மாத்திரை கொடுத்தது நான். கதவைப் பூட்டியது நான். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் அவளால் எழுந்து நடக்கவே முடியாமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். நடக்காவிட்டால் என்ன, தூக்கிக்கொள்ள நான் இருக்கிறேனே.

ஆஸ்பத்திரியில், "எனக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்றாளாம். அது மருந்து பேசுகிற பேச்சு, மேடம். அந்த மயக்கத்தில் பெற்ற தாயைக்கூட அடையாளம் தெரியாது, கடையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மருந்து அவள் உடம்பைவிட்டு முழுசாகப் போய் வாரக்கணக்கில் ஆகிறது என்கிறீர்கள். அப்படியானால் அவளுக்கு இன்னும் தெளியவில்லை.