கிரீடம் பதித்த துவக்கு

உடுப்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "தம்பியின்ரை மனுசி பொலிஸ் மேசையிலை கிடந்த துவக்கை எடுத்துத் துடைச்சவள்!"

"ஐயோ, ஏனடி?"

"தம்பி அரியாலையிலை வீட்டுக்கு அத்திவாரம் வெட்டேக்கை அந்தத் துவக்கு மண்ணுக்குள்ளை இருந்து வந்தது. உள்ளங்கை அளவுதான். தானே பொலிஸிலை கொண்டுபோய்க் குடுத்தவன். அவங்கள் சண்டைக்காலத்துத் துவக்கெண்டு நினைச்சு அவனை விடேல்லை. பின்னாலை போன இவள், ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேட்டு, சேலைத் தலைப்பாலை மண்ணைத் துடைச்சாள். குழலுக்கு அடியிலை சின்னதாய் ஒரு கிரீடம், பக்கத்திலை லண்டன் எண்டு எழுத்து. தோட்டா போட இடமே இல்லை, நெருப்புத் தட்டுற கல்லு வைக்கிற இடந்தான். 'ஐயா, இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்' எண்டு சிங்களத்திலையே சொன்னாள்."

"பிறகு?"

"பொலிஸ் பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பாத்தார். சிரிச்சுப்போட்டு, பழஞ்சாமான் வைக்கிற நூதனசாலைக்கு அறிவிச்சார். தம்பியைப் பின்னேரமே விட்டிட்டாங்கள்."

"அவளுக்குப் பயமில்லையோ?"

"பயந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்த பிறகுதான் அழுதவள்."

"நானெண்டால் பொலிஸுக்குள்ளையே அழுதிருப்பன்," என்றாள் தோழி.