ஜாம் மூடிக் குடும்பம்

இல்லண்ணே, போட்டோவப் பெருசு பண்ணாதீங்க. இந்தா, இந்த மூடிக்குள்ள அடங்கணும். ஜாம் பாட்டில் மூடிதான், ஆமா. நாயுடுபுரத்துல ஹோம்ஸ்டே வச்சிருக்கோம்ல, காலைல ரொட்டிக்கு ஜாம் வைப்போம். காலி பாட்டில் மூடிய அத்தை வருசம் பூராச் சேத்து வைக்கும். டிசம்பர் பொறந்தா அதுக்குள்ள வீட்டாளுக போட்டோவ வட்டமா வெட்டி ஒட்டி, ஓரத்துல ஜிகினா தூவி, செகப்பு நூலு கட்டி, கிறிஸ்மஸ் மரத்துல தொங்கவிட்டுரும். கடைப் பந்து யானை வெல விக்கிது, நம்ம மூஞ்சிக்கு என்ன கொறச்சல்னு கேக்கும்.

வெரசா முடிக்கணும்ணே. வெளிய பைக்குல நிக்கிறது எங்க கொழுந்தன் முகேசு. பதினஞ்சு நிமிசம்னு சொல்லித்தான் கூட்டியாந்தான்.

இது மாமா. இது அத்தை. இது எங்க வீட்டுக்காரரு. ஆமாண்ணே, வத்தலக்குண்டு ரோட்டுல லாரி மோதுனதே, அவருதான். ரெண்டு வருசம் ஆச்சு. இவரு படத்த மட்டும் ரெண்டு போடுங்க. மரத்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. எங்கிட்டு நின்னு பாத்தாலும் எம்மகன் தெரியணும்னு அத்தை சொல்லிருச்சு.

ரூம்பு எடுக்க வர்றவங்க அந்த மரத்துகிட்ட செல்ஃபி எடுக்காமப் போறதில்ல. எப்படிக் குடும்பமா இருக்கீங்கன்னு எங்கிட்டதான் சொல்லுவாங்க. நான் அவங்க பெட்சீட்ட உருவிக்கிட்டு நிப்பேன்.

எம்படமா? அதான கூத்து. நாலு வருசமா வெட்டி ஒட்டுறவளே நாந்தான். எந்தப் போட்டோவுலயும் காப்பித் தட்டும் கையுமா ஓரத்துல நிப்பேன். மூடிய வச்சு வட்டம் போட்டா நான் வெளிய போயிருவேன். இந்த வருசந்தான் அத்தை கண்ணுல பட்டுச்சு. ஏத்தா, மரத்துல நீ எங்கன்னு கேட்டுச்சு. இல்லையேன்னேன். அதுக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே. நீயில்லாம என்ன மரம், போயி நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வான்னுச்சு. இந்தச் சேலையும் அது எடுத்துக் குடுத்ததுதான்.

கொடுமக்காரி இல்லண்ணே. அப்படி இருந்திருந்தா எனக்கு லேசாப் போயிருக்கும். வாய் நெறைய மகள்னுதான் கூப்புடும். வீட்ல மக இருக்கைல வேலையாளு எதுக்குன்னு சமையக்காரம்மாவக்கூட நிப்பாட்டிருச்சு. உனக்கெதுக்குத் தனி போனு, எம்போனுல பேசு. சர்ச்சுக்கா, சேந்து போவோம். கடைக்கா, முகேசு கூட்டிட்டுப் போவான். வாசக் கேட்டுச் சாவி அது இடுப்பவிட்டு எறங்காது. எம்மகனும் போயிட்டான், நீயும் போயிட்டா எனக்கு யாருத்தான்னு கையப் பிடிச்சுக்கும். தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்க முடியுமா? மூச்சு முட்டுதுண்ணே.

பொறந்த வீடு பூண்டி. அப்பாவுக்கு வெள்ளப்பூண்டு வெள்ளாம. வேதக்காரப் பையனக் கட்டுனேன்னு அன்னைக்கே என்னையத் தலமுழுகிட்டாரு. இவரு சாவுக்குக்கூட ஒரு ஆளு எட்டிப் பாக்கல. அங்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?

சரி, எடுங்க. சிரிக்கணுமா? இந்தா சிரிச்சுட்டேன். பல்லு தெரிஞ்சாத் தெரியட்டும், அத்தைக்கு அப்படித்தான் பிடிக்கும். எங்க, காட்டுங்க. அட, இம்புட்டு நல்லாவா சிரிக்கிறேன்!

இருங்கண்ணே, இன்னொண்ணு எடுக்கணும். பின்னால அந்த நீலத் துணிய எடுத்துட்டு வெள்ளை போடுங்க. இதுக்குச் சிரிக்கக் கூடாது. ரெண்டு காதும் தெரியணும்னு ஃபாரத்துல போட்டிருக்கு, முடிய ஒதுக்கிக்கிறேன். பாஸ்போர்ட் சைசு, ஆறு காப்பி. இல்ல, இது மரத்துக்கு இல்ல. தனிக் கவர்ல போடுங்க. முகேசு கேட்டா, ஒரு படந்தான் எடுத்துச்சுன்னு சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கல்யாணத்துக்கு முந்தி நர்சுக்குப் படிச்சேண்ணே. கூடப் படிச்ச சத்தியபிரியா திண்டுக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருக்கா. தங்க எடமும் குடுக்குறாங்க. ரூம்புல தங்குன ஒரு டீச்சரம்மா போனுல இருந்துதான் பேசுனேன், அவங்கதான் ஃபாரமும் குடுத்துட்டுப் போனாங்க. அதுல ஒட்ட ஒரு படம் இல்லாம பத்து நாளாக் கெடந்து தவிச்சேன். வெளிய வர ஒரு சாக்கு கெடைக்கல. கடைசில அத்தை வாயாலயே போட்டோ எடுத்துட்டு வான்னு வந்துருச்சு. நான் அழுதுட்டேன். அது, பாசத்துல அழுகுறேன்னு என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிருச்சு. அத நெனச்சாத்தான் பாவமா இருக்கு.

இருவத்திரெண்டாந் தேதி மரம் வைக்கிறோம். எம்படத்த எங்கையாலயே மாட்டிருவேன். மறுநா வெள்ளனே அத்தை பால் வாங்கக் கேட்டத் தெறக்கும்ல, அப்படியே மொத பஸ்ஸுக்குப் போயிருவேன்.

பிரிண்டு வந்துருச்சா? அந்தா, ஹாரன் அடிக்கிறான். மூடிப் படத்தையெல்லாம் பையில போடுங்க. அந்தச் சின்னக் கவர இங்கிட்டுக் குடுங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்கண்ணே, உள்ள சொருகிக்கிறேன்.