ஒன்பதாம் அறையின் ஹோல்ட்

எங்கள் விடுதியில் காலை எட்டரைக்கு மேல் வெந்நீர் வராது. பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதைத் தவிர உருப்படியான புகார் என்று ஒன்றும் வந்ததில்லை. அதனால்தான் வங்கியிலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றதும் முதலாளி ஆடிப்போய்விட்டார். நான்தான் காபி வாங்கிக் கொடுத்து அவரை உட்கார வைத்தேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. ஒன்பதாம் அறைக்காரரின் கார்டில் போட்ட ஹோல்டை ஏன் மூன்று நாள் விடுவிக்கவில்லை? எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன், ஐயா.

ஹோல்ட் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை முதலாளியும் படிப்பார், அவருக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. தங்க வருகிறவரின் கார்டைத் தேய்த்து ஒரு தொகையை நிறுத்தி வைப்போம். பணம் அவர் கணக்கிலேயே இருக்கும். அவராலும் எடுக்க முடியாது, எங்களாலும் எடுக்க முடியாது. அறையைக் காலி செய்யும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும். ஒரு நாள் வாடகைக்கு மேல் நிறுத்தக் கூடாது, காலி செய்த ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்துவிட வேண்டும் என்று போன வருடம் உங்கள் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியதே நான்தான். நல்ல விதி. எதிரே பெரிய ஆஸ்பத்திரி. இங்கே தங்குகிறவர்கள் எல்லாம் நோயாளிகளின் வீட்டார். அவர்களுக்கு எந்த நேரத்தில் பணம் தேவைப்படும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒன்பதாம் அறையில் தையல் வேலை செய்கிற ஒரு அம்மாவும் அவர் மகளும் ஐந்து வாரம் இருந்தார்கள். ஆறு வயதுப் பெண். இதயத்தில் கோளாறு. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாய்ந்துவிடும், ஆனால் வாய் மட்டும் ஓயாது. அம்மா மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போவார். சாவிகளையெல்லாம் மேசையில் கொட்டிக் கொடுப்பேன். எண் பார்த்து ஆணியில் மாட்டுவாள். ஆறையும் எட்டையும் வேண்டுமென்றே மாற்றி மாட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நான் கோபப்படுவதுபோல் நடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. எனக்குச் ‘சாவி மாமா’ என்று பெயர் வைத்தாள். ஐம்பத்திரண்டு வயதாகிறது, ஐயா. கல்யாணம் கூடிவரவில்லை. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. என்னை மாமா என்று கூப்பிட ஒரு பிள்ளை இருந்ததில்லை. முதல் தடவை கூப்பிட்டபோது கண் கலங்கிவிட்டது. எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

ஆறாவது வாரம், புதன்கிழமை காலை, அந்த அம்மா மூச்சிரைக்க வந்தார். வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு இடம் கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முன்பணம் கட்டிச் சேர்த்துவிட வேண்டும். ஆக்சிஜன் வைத்த வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும். அவருடைய தம்பி தன் வேனை விற்றுவிட்டார்.

“அண்ணா, இங்க பாருங்க, தம்பி பணம் போட்டுட்டான்,” என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பார்த்தேன்.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “அங்க மாமா வந்து நிப்பாரு,” என்றாள்.

“அப்ப நான் யாரு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“நீங்க சாவி மாமா. அவரு நெஜ மாமா.”

குழந்தைப் பேச்சு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அம்மா வாடகை பாக்கியை ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பெட்டி அடுக்க அறைக்குப் போனார். ஹோல்டை விடுவிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தொகையைக் கூட்டும் பொத்தானும் இருக்கிறது. கைதவறி அதை அழுத்திவிட்டதாக எழுதச் சொல்கிறார் முதலாளி. பாவம், நல்ல மனிதர். ஆனால் அப்படி நடக்க வழியே இல்லை. கூட்ட வேண்டுமென்றால் தொகையை ஒவ்வொரு எண்ணாக அடிக்க வேண்டும், பிறகு என் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் நிதானமாகத்தான் செய்தேன். போனில் பார்த்த தொகை நினைவில் இருந்தது, அத்தனையையும் நிறுத்தினேன்.

அவர்கள் போகவே கூடாது என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் தள்ளிப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் நினைத்தேன். ‘உதவி மேலாளர்’ என்று எழுதி அவளுக்கு ஒரு பேட்ஜ் செய்யச் சொல்லியிருந்தேன். அது சனிக்கிழமைதான் வரும்.

ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார். “பணம் இருக்குன்னு காட்டுது அண்ணா, எடுக்கத்தான் முடியல. வண்டிக்காரர் போயிட்டாரு.”

“எங்கயாவது சிக்கியிருக்கும்மா. ரெண்டு நாள்ல தானா வந்துடும். அதுவரைக்கும் ரூம்லயே இருங்க, வாடகை ஒண்ணும் வேண்டாம்,” என்றேன். அந்த வாடகையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். முதலாளியிடம் கேட்டால் சொல்வார்.

வியாழக்கிழமை அந்த அம்மா உங்கள் வங்கிக்கே போன் போட்டிருக்கிறார். “நீங்கதான் விடணும்னு சொல்றாங்களேண்ணா,” என்றார்.

“நான் நேத்தே விட்டாச்சும்மா.”

நம்பிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால், முதலாளியைக் கூப்பிடு என்று கத்தியிருந்தால், உடனே விட்டிருப்பேன். அவர் பேசாமல் காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு போய் விற்றார். அது வண்டிக்குக்கூடப் போதவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தம்பியிடம் போனில் சொல்லும்போது அவர் அழவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை முற்பகல் சின்னவள் சாவி மாட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டாள். “தூக்கம் வருது மாமா,” என்றாள். வாரி எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் எதிர்ப்பக்கம் ஓடினேன். மருத்துவர்கள் அரை மணி நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் வெளியே வந்து, நீங்கள் குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டார்.

திரும்பி வந்து ஹோல்டை விடுவித்தேன். ஒரே ஒரு பொத்தான். அன்று மாலை அந்த அம்மாவின் போனில் பணம் விடுபட்ட செய்தி வந்து நின்றது.

புகார் கொடுத்தது அவர் தம்பி. வேனை விற்றவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட அந்த அம்மா மறுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அந்த அண்ணன் அப்படிச் செய்கிறவர் இல்லை என்றாராம். செய்தேன், ஐயா. எதற்கு வைத்திருந்த பணம் என்று தெரிந்தே நிறுத்தினேன். நோய் அந்தக் குழந்தையை ஆறு வருடம் விட்டுவைத்திருந்தது. நான் மூன்று நாளில் முடித்துவிட்டேன். இதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது. சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மூன்று நாளும் அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.