விபத்தில்லாத ஆயிரமாவது நாள்

விருந்துக்கான விலா இறைச்சியை நானேதான் கடையில் நின்று பார்த்து வாங்கினேன், இன்ஸ்பெக்டர். அடுத்தவரை அனுப்பினால் ஜவ்வைத் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு எதிலும் கவனம் அதிகம். ரொசாரியோவில் எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் வந்ததே அதனால்தான்.

வாசலில் ஒரு பலகை இருக்கிறது. விபத்தில்லாமல் கடந்த நாட்களின் எண்ணிக்கையை தினமும் காலையில் நான்தான் மாற்றுவேன். ஆயிரத்தைத் தொட்டால் எல்லோருக்கும் தணலில் வாட்டிய இறைச்சி விருந்து என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

எங்கள் மூலக்கூறில் மெத்தில் என்னும் சின்ன வாலை ஒட்டினால்தான் அது மருந்தாகும். அதற்குப் பயன்படுத்திவந்த டைமெத்தில் சல்பேட் கொடிய நஞ்சு. பாதுகாப்பானதாகப் பார்த்து மாற்றச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் பழம் தின்று கொட்டை போட்ட மிர்தா லோவெரா, டைமெத்தில் கார்பனேட்டைச் சொன்னார். சாதுவான பொருள்தான். ஆனால் அதற்கு அழுத்தக் கலன் வேண்டும். கலன் வெடிக்கலாம். வெடித்தால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே நான் புதிதாகச் சந்தைக்கு வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பாதுகாப்புத் தாளில் நச்சுத்தன்மைக்கு நேராக 'தகவல் இல்லை' என்றிருந்தது. புற்றுநோய்க்கு நேராகவும் அதேதான். ஒரு மண்டையோட்டுப் படம்கூடக் கிடையாது.

"தலைவரே, தகவல் இல்லைன்னா யாரும் இன்னும் சோதிச்சுப் பாக்கலைன்னு அர்த்தம். பழசைவிட இது படுவேகமா ஒட்டுது. மருந்துல ஒட்டுறது நம்ம நுரையீரல்ல ஒட்டாதா?" என்றார் மிர்தா.

"கெட்டதுன்னு எங்கயாவது எழுதியிருந்தா காட்டுங்க."

"எழுதணும்னா மொதல்ல ஒருத்தர் சாகணுமே. அது நானா இருந்துடப் போறேன், பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தோம். நல்ல வேடிக்கையான பெண்மணி.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது நாள், புதன்கிழமை. காலையில் ஒரு குழாய் இணைப்பு நழுவி, அந்தப் புதுப்பொருளின் ஆவி கொஞ்சம் வெளியேறியது. மிர்தாதான் ஓடிப்போய் மூடினார். தொண்டை கரகரவென்கிறது என்றார், அவ்வளவுதான்.

மாலையில் வழக்கம்போல் என் அறையில் மாட்டே இலைத்தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சி. நான் ஊற்ற ஊற்ற ஒவ்வொருவராகக் குடிப்பார்கள். குடுவையை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தால் எங்கள் ஊரில் போதும் என்று பொருள். ஏழு சுற்றுக்குக் குறைந்து மிர்தா நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அன்று முதல் சுற்றிலேயே சொன்னார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"மூச்சு ஒரு மாதிரியா இருக்கு, தலைவரே. ஆஸ்பத்திரிக்குப் போயிடட்டுமா?"

"ஊரெல்லாம் சளிக்காய்ச்சல். வீட்டுக்குப் போய்ப் படுங்க. வெள்ளிக்கிழமை விருந்துக்கு நீங்க வராம இருந்தா எப்படி?"

என் காரிலேயே கொண்டுபோய் விட்டேன். இப்படிப்பட்ட ஆவி உள்ளே போனால், பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் மார்ச் மாதம் தொழிலாளர்களுக்கு அந்த வகுப்பை எடுப்பதே நான்தான். மருத்துவமனைக்குப் போனால் விபத்து என்று எழுதுவார்கள். வீட்டில் படுத்திருந்தால் காய்ச்சல்.

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். எனக்கு வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு நிமிட மௌனத்துக்கு ஏற்பாடு செய்ததும் நான்தான். பிறகு பரிமாறினோம். விலா பஞ்சு போல வெந்திருந்தது.

ஆம், காப்பாற்றியிருக்கக்கூடியவரை நான்தான் சாக அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொருளையும் நிறுத்திவிட்டேன். அதைப் பற்றி இப்போது தகவல் இருக்கிறதே. வேறொன்று பார்த்து வைத்திருக்கிறேன், அதன் தாள் சுத்தமாக இருக்கிறது.

ஓர் உதவி மட்டும். நான் இங்கே இருப்பதால் இன்று பலகையை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள், ஆயிரத்துப் பதினொன்று என்று. அவர் இறந்தது வீட்டில்தானே.