வெள்ளைத் தண்ணி

— பாட்டிலை வாசல்ல வச்சிட்டுக் கெளம்புன்னு சொன்னேன்லப்பா. இன்னும் எதுக்கு நிக்கறே?

— மூணு மாடி ஏறி வந்திருக்கேன் பாப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போறேனே. அதுக்கும் உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?

— மூச்சைக் கீழ போய் வாங்கு. எங்க வீட்டு வாசல்ல நின்னு வாங்காதே.

— அடேங்கப்பா. காத்துக்கும் பூட்டு போட்டாச்சு போல.

— கிண்டல் பண்ணாதே, சொல்லிட்டேன். கதவுக் கைப்பிடியில ஒரு மாஸ்க் தொங்குது பாரு. ஒண்ணு அதை மாட்டிக்கோ, இல்லேன்னா படி எறங்கு.

— பாத்தேன். கதவுக்கு ஏதோ அலங்காரம் பண்ணியிருக்கேன்னு நெனச்சேன். அதை மாட்டினா எனக்கு மூச்சு முட்டுது. இருக்கறதே அரை மூச்சு.

— அப்ப கெளம்பு.

— கதவைத் திறக்க வேணாம் தாயே. வாசல் ஜன்னல் வழியா பேரக்குட்டியை ஒரு தடவ தூக்கிக் காட்டு. பாத்துட்டுப் போயிடறேன்.

— ஜன்னலைத் திறக்க முடியாது. எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்கு இடுக்கா டேப் ஒட்டியிருக்கேன்.

— டேப்பா? வீட்டைப் பார்சல் அனுப்பப் போறியா?

— பக்கத்து வீட்டுல நாலு பேருக்கும் காய்ச்சல். கீழ் வீட்டுப் பெரியவரை முந்தாநாள் ஸ்ட்ரெச்சர்ல எறக்கினாங்க. இதே படியிலதான், நீ நிக்கற எடத்து வழியா. காத்துல பரவுதாம். அதான் காத்தையே உள்ள விடல.

— வர்ற காத்தை அடைச்சே சரி. உள்ள இருக்கற காத்து எங்கம்மா போகும்? அடைச்ச ரூமுலதான் எல்லாம் சுத்திச் சுத்தி நிக்கும். எங்க லாண்டரியில என்னன்னா...

— லாண்டரிக் கதையை ஆரம்பிக்காதே. போன ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினே? இருமிக்கிட்டே வந்தே. இருமிக்கிட்டே குட்டியைத் தூக்கினே. வேணாம்ப்பா வேணாம்ப்பான்னு நான் பின்னாடியே ஓடி வர்றேன், நீ பாட்டுக்கு அது கன்னத்துல உன் கன்னத்தை வச்சித் தேய்க்கறே. இப்ப என்ன ஆச்சு? காலையிலேர்ந்து குட்டி இருமுது. அஞ்சு மாசக் குழந்தைப்பா. அதுக்கு இருமக்கூடத் தெரியல. மூஞ்சி செவந்து போயி, என்னைப் பாத்து முழிக்குது.

— குட்டிக்கு இருமலா? டாக்டர்கிட்ட காட்டினியா?

— சாயங்காலம் அவர் வேலையிலேர்ந்து வந்ததும் போறோம். நீ பேச்சை மாத்தாதே.

— நான் எங்க மாத்தறேன். என் இருமல் இன்னைக்கு நேத்து வந்ததா? நீ யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போறப்பவே இருமினேன். உன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாரு, பாட்டை விட என் இருமல்தான் சத்தமா கேக்குது.

— அம்மாகிட்டயும் இதையேதான் சொன்னே.

— அதை இழுக்காதே.

— இழுப்பேன். ‘வழக்கமான இருமல்தாண்டி’ன்னு சொன்னே. அன்னைக்கு அம்மா காப்பியை வாயில வச்சிட்டு என்ன கேட்டா? ‘ஏண்டி, வெந்நீரையா கலந்து குடுத்தே’ன்னு என்னைக் கேட்டா. சோப்பை மோந்து பாத்தா. ஊதுபத்தியை மூக்குக்கிட்ட வச்சிப் பாத்தா. ஒண்ணுமே தெரியலடின்னு சிரிச்சா. நீ என்ன சொன்னே? ஜலதோஷம், ஆவி புடின்னு சொன்னே. பன்னெண்டாம் நாள் அவ மூஞ்சியைக் கூட காட்டாம மூட்டை கட்டிக் குடுத்தாங்க.

— நான்தான் கொண்டு வந்து குடுத்தேங்கறே.

— நான் அப்படிச் சொல்லல.

— சொல்லிட்டே. நாலு வருஷமா கண்ணால சொன்னே, இன்னைக்கு வாயால சொல்லிட்டே. ரொம்ப சந்தோஷம். நான் மட்டும் அதைக் கேட்டுக்கலன்னு நெனச்சியா? தினம் கேக்கறேன். என்கிட்டேர்ந்து போச்சா, பஸ்ல வந்துச்சா, காய்கறிக்காரன்கிட்டேர்ந்து வந்துச்சா. எனக்குத் தெரியாது. சாகற வரைக்கும் தெரியப் போறதில்ல. ஆனா இந்த இருமல் அது இல்ல. அதைத் தெரிஞ்சிக்கோ.

— நீயா எப்படிச் சொல்றே?

— நானா சொல்லல. போன மாசம் நெஞ்சுப் படம் எடுத்தாச்சு, சளி டெஸ்ட் எடுத்தாச்சு. கிருமி இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. காகிதம் பையில இருக்கு, கதவுக்கு அடியில தள்ளவா?

— கிருமி இல்லேன்னா பின்ன என்ன?

— வாசல்ல வை, வாசல்ல வைன்னு கத்தறியே ஒரு பாட்டிலு. அதுல இருக்கறதுதான்.

— வெள்ளைத் தண்ணியா? சும்மா கதை விடாதே. எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து நம்ம வீட்டுல இருக்கு அது. அம்மா தரை தொடச்சா, நான் தொடைக்கறேன்.

— தண்ணி, தண்ணி. அதுக்குத் தண்ணின்னு பேர் வச்சது நான்தான். ப்ளீச்சு அது. கடையில விக்கறாங்களே, அதைப் போல நாலு மடங்கு காரம். சின்னப் புள்ளையில நான் வேலை விட்டு வந்தா கிட்ட வரமாட்டே. ‘அப்பா மேல நாறுது’ன்னு ஓடிடுவே. அதுக்குத்தான் சொன்னேன், இது ஒண்ணுமில்லடா கண்ணு, வெறும் வெள்ளைத் தண்ணின்னு. அப்புறம் வந்து மடியில உக்காந்தே. அந்தப் பேரே நின்னு போச்சு.

— இத்தனை நாள் ஏன் சொல்லல?

— எதைச் சொல்லச் சொல்றே? லாண்டரியில இருவத்திரண்டு வருஷம். ஓட்டல் போர்வை, ஆஸ்பத்திரி போர்வை, எல்லாத்தையும் வெளுத்து வெளுத்து என் உள்ளேயும் வெளுத்துடுச்சுன்னா? அதுலயும் ஒரு நாள், நீ பத்தாவது படிக்கற வருஷம், புதுசா வந்தவன் ஒருத்தன் துரு எடுக்கற ஆசிட்டு வச்சிருந்த ட்ரம்முல இதைக் கொண்டு போய்க் கவுத்திட்டான். ரெண்டும் ஒண்ணா சேரவே கூடாது. சேந்தா கேஸு. மஞ்சளும் பச்சையுமா புகை. ரெண்டு பேரை இழுத்துப் போட்டுட்டு நானும் விழுந்துட்டேன். ஊருக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன் ஒரு வாரம். அந்த நெடி இருக்கே, செத்தாலும் மறக்காது. மூக்குல ஊசி ஏத்தின மாதிரி... இரு.

— என்ன இரு?

— இரு பாப்பா. பேசாதே.

— என்னப்பா பண்றே? கதவு லென்ஸ்ல பாத்துட்டுத்தான் இருக்கேன், எதுக்குக் கீழ குனியறே?

— வந்ததுலேர்ந்தே அடிக்குது. என் சட்டைதான்னு நெனச்சிட்டிருந்தேன். சட்டை இல்ல. உன் கதவுக்கு அடியிலேர்ந்து வருது.

— என்ன வருது?

— அதே நெடி. உள்ள என்ன பண்ணி வச்சிருக்கே?

— ஒண்ணும் பண்ணல. இங்க எந்த நெடியும் இல்ல.

— உனக்கு அடிக்கலையா? வெளிய நிக்கற எனக்கே தொண்டை கமறுது.

— ஒரு வாசனையும் இல்லப்பா, சொல்லிட்டேன். கதவைத் திறக்க வைக்கறதுக்கு இது ஒரு வழி. எனக்குத் தெரியாதா உன்னை?

— நான் பொய் சொல்லியிருந்தா இனி இந்தப் படி ஏறல, போதுமா? சொல்லித் தொலை, இன்னைக்குப் பாத்ரூம் கழுவினியா?

— கழுவினேன். தினம் ரெண்டு வேளை கழுவறேன். கிருமி இருக்கக் கூடாதுல்ல.

— எதை ஊத்திக் கழுவினே?

— வெள்ளைத் தண்ணிதான். தீந்து போயிடுச்சு, அடியில கொஞ்சூண்டு இருந்துச்சு. அதானே உன்னைக் கொண்டு வரச் சொன்னேன். அது பத்தாதுன்னு டாய்லெட் ஆசிட்டையும் சேத்துக்கிட்டேன். காலையில பாதி. நீ பெல் அடிக்கறதுக்கு முன்னாடி மீதி மொத்தத்தையும் ஊத்தி ஊற வச்சிருக்கேன்.

— அடிப்பாவி.

— என்ன அடிப்பாவி? ரெண்டும் கிளீன் பண்றதுதானே. சேந்தா இன்னும் நல்லா கிளீன் ஆகும்னு...

— குட்டி எங்க?

— பெட்ரூம்ல தூங்குது.

— பாத்ரூமுக்கு ஒட்டின ரூம்லயா?

— ஆமா. கீழ மெத்தை போட்டு...

— தரையிலயா படுக்க வச்சிருக்கே?

— உருண்டு விழக் கூடாதுன்னு கீழதான்...

— தூக்கு. போ, இப்பவே போய்த் தூக்கு. அந்த கேஸு மேல போகாது, தரையோட தரையாத்தான் படியும். நீ நிக்கற ஒசரத்துல இருக்கறதை விட குட்டி படுத்திருக்கற எடத்துலதான் ஜாஸ்தி. தூக்கித் தோள் மேல போட்டுக்கோ.

— நெஜமாவாப்பா?

— உன் கண்ணு எரியுதா இல்லையா?

— எரியுது. ராத்திரி முழுக்கத் தூங்கல, அதனாலன்னு...

— தொண்டை?

— கமறுது.

— அப்புறம் என்னத்துக்கு என்கிட்ட வாயாடிக்கிட்டு நிக்கறே? ஓடு. பாத்ரூம் கதவைத் திறக்காதே. எட்டிப் பாக்காதே. தண்ணி ஊத்தறேன்னு போகாதே. குட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா வெளிய வா. பாப்பா? கேக்குதா? பாப்பா. ஏய், பதில் சொல்லு. கதவைத் திறடி. திற.

— தூக்கிட்டேன். தூக்கிட்டேன்ப்பா. கதவு... பூட்டு வரமாட்டேங்குது.

— மேல ஒரு தாழ்ப்பாள் இருக்கு, நான்தான் போட்டுக் குடுத்தேன். அதை எறக்கு முதல்ல.

— நீ கிட்ட வராதே.

— வரல. இதோ எறங்கறேன், அரை மாடி கீழ போயி நின்னுக்கறேன். நீ வெளிய வந்தா போதும்.

— வந்துட்டேன்.

— கதவை ஆன்னு திறந்து விடு, சாத்தாதே. மாடிப்படி ஜன்னலையும் திற. குட்டி மூஞ்சியை வெளிக் காத்துப் பக்கம் திருப்பு. ஏன் சத்தமே இல்ல? அழுவுதா?

— இல்ல. முழிச்சிருக்கு. இருமுது. அப்பா, அது அழவே மாட்டேங்குதுப்பா.

— முதுகைத் தடவு. ஒதடு என்ன கலர்ல இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லு.

— செவப்பாத்தான் இருக்கு... இதோ. இதோ அழுவுது.

— கத்தட்டும். நல்லாக் கத்தட்டும். ஊரே கேக்கட்டும்.

— நான்தான் பண்ணினேனாப்பா? காலையில வந்த இருமலு...

— பாத்ரூம் எத்தனை மணிக்குக் கழுவினே?

— ஏழரை.

— குட்டி எப்ப இரும ஆரம்பிச்சுது?

— எட்டு. எட்டு இருக்கும். நான் உன் மேல... ஞாயித்துக்கிழமை நீ வந்ததாலன்னு...

— அழாதே. என்னையும் சேத்துத்தான் செருப்பால அடிக்கணும். குளிர்பான பாட்டில்ல ஊத்தி, ஒரு சீட்டுகூட ஒட்டாம, தண்ணின்னு பேர் சொல்லிப் புள்ளை பெத்த வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நீ அங்கயே ஜன்னல்கிட்ட நில்லு. நான் உள்ள போயி அந்த டேப்பை எல்லாம் கிழிச்சிட்டு வர்றேன்.

— அரை மூச்சை வச்சிக்கிட்டு உள்ள போறியா? ஒண்ணும் வேணாம். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்.

— அப்ப கீழ போய் வண்டி புடிக்கறேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்க முடியாது, இப்பவே டாக்டர்கிட்ட காட்டணும். அதுக்கு முன்னாடி குட்டி சட்டையைக் கழட்டு. துணியில நெடி ஏறியிருந்தா மறுபடி அதையேதான் இழுக்கும். என் பையில தொவைச்ச துண்டு ஒண்ணு இருக்கு, அதுல சுத்திக்கலாம்.

— சட்டையில ஏறியிருக்கா என்னன்னு...

— அதுக்கென்ன, மோந்து பாரு. சட்டையை, தலைமுடியை, எல்லாத்தையும். மூக்குல சுள்ளுன்னு ஏறும்.

— ம்.

— என்ன? ஏறுதா? இரு, நானே மேல வந்து பாக்கறேன். எனக்கு அந்த நெடி கொஞ்சம் இருந்தாலும் தெரிஞ்சிடும்.

— வராதே.

— இன்னும் என்னம்மா கோவம் உனக்கு? காகிதம் காட்டறேன்னேன், கிருமி இல்லன்னு சொன்னேன்...

— கோவம் இல்லப்பா. அங்கயே நில்லு. காலையில காப்பியைப் பாதியில வச்சிட்டேன், வெந்நீர் மாதிரி இருக்குன்னு. பால் சரியில்லன்னு நெனச்சேன்.

— பாப்பா.

— பையில வேற ஏதாவது துணி இருந்தா மூக்கைக் கட்டிக்கப்பா. குட்டி தலையில மூக்கைப் புதைச்சி வச்சிருக்கேன், எனக்கு ஒரு வாசனையும் வரல.