அமீனுதீன் பேசாத பேச்சு

இடம்: விருத்தாசலம் காவல் நிலையம், தென்னாற்காடு மாவட்டம்.
நாள்: 1991ஆம் வருடம் ஜனவரி மாதம் 9ஆம் தேதி.
பெயர்: மகேஸ்வரி, வயது 36, க/பெ. விருத்தகிரி.
தொழில்: பள்ளி ஆசிரியை.
இருப்பு: மாரியம்மன் கோயில் தெரு, கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் வட்டம்.

விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். அவர் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்க்கிறார். நான் விருத்தாசலத்தில் உள்ள ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் காலையில் தனியார் பஸ்ஸில் வந்து மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவேன்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மாணவிகளுக்கு ஒலிப்பதிவு வகுப்பு நடத்தி வருகிறேன். இதற்கு உபயோகிக்கும் இரண்டு கேசட் போடும் டேப் ரிக்கார்டரை 1989ஆம் வருடம் குவைத்திலிருந்து லீவில் வந்த அமீனுதீன் என்பவர் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவருடைய மகள் மஹிரா அப்போது ஒன்பதாம் வகுப்பில் என் மாணவி. பிள்ளைகள் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு சூளையிலிருந்து வந்த கோப்பைகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம், ஜங்ஷனில் ரயில் வந்து நிற்கும் சத்தம், ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் இவற்றைப் பதிவு செய்து, ஒரு வார்த்தைகூட இல்லாமல் சத்தங்களாலேயே கதை செய்தார்கள். அதன் பிறகு, ஒரு கேசட்டில் இருந்து வேண்டிய துண்டை மட்டும் இன்னொரு கேசட்டுக்கு எடுத்து, நடுவில் பாஸ் பட்டனை அமுக்கி அமுக்கி, ஒட்டும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை பிள்ளைகள் தலைமையாசிரியை பிரேயரில் பேசிய பேச்சுகளை ஒட்டி, அவர் மூன்று நாள் விடுமுறை விட்டதாகச் செய்துவிட்டார்கள். அவரும் கேட்டுச் சிரித்தார். ஆனால் அன்றே நான் மூன்று கட்டுப்பாடுகளைச் சொன்னேன். யாருடைய குரலையும் அவர்களைக் கேட்காமல் பதியக்கூடாது. ஒட்டிய பிறகு அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேசட்டின் தொடக்கத்தில் இது ஒட்டியது என்று நம் குரலிலேயே சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மேற்படி அமீனுதீன் குவைத்துக்குத் திரும்பும் முன் வகுப்புக்கு வந்து, மஹிரா கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதையும் பதிவு செய்தோம். அவரவர் செய்த கேசட்டின் ஒரு பிரதியை அவரவர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதன்படி அந்தக் கேசட்டும், என் வகுப்புகளைப் பதிவு செய்த சில கேசட்டுகளும் மஹிரா வீட்டில் இருந்தன.

1990 ஆகஸ்டில் குவைத்தில் சண்டை வந்த பிறகு அமீனுதீனிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஜோர்டான் நாட்டு அம்மான் வழியாக விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. மஹிரா வகுப்பில் யாருடனும் பேசாமல் இருந்தாள். நவம்பர் மாதம் அமீனுதீனின் தம்பி உஸ்மான் பள்ளிக்கு வந்து, அண்ணனிடமிருந்து கேசட் வந்திருப்பதாகவும், பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாகவும், மஹிராவைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொல்லி அதில் அண்ணன் சொல்லியிருப்பதாகவும் கூறி மாற்றுச் சான்றிதழ் கேட்டார். உஸ்மான் பஸ் ஸ்டாண்டு அருகில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர். தலைமையாசிரியை சொர்ணாம்பாள், பெண்ணின் தாயார் நேரில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் மஹிரா சீருடை இல்லாமல் பள்ளிக்கு வந்து, தாவணிக்குள் மறைத்து வைத்திருந்த கேசட்டை என்னிடம் கொடுத்தாள். "டீச்சர், இதுல அத்தா பேசுறாரு. ஆனா பின்னாடி நம்ம ஸ்கூலு மணி அடிக்குது" என்றாள்.

நாங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைப் போட்டோம். அமீனுதீன் குரல்தான், சந்தேகமில்லை. "நான் நல்லா இருக்கேன். மஹிரா படிச்சது போதும்னு நெனச்சேன். வூட்ட தம்பிகிட்ட வுட்டுட்டு நீங்க ஸ்ரீமுஷ்ணம் போங்க. தம்பி சொல்றத கேட்டு நடந்துக்கணும்" என்று இருந்தது. ஸ்ரீமுஷ்ணம் மஹிராவின் தாயார் சுல்தானாவுக்குப் பிறந்த ஊர். அதன் பிறகு நான் பள்ளியில் இருந்த, அவர் வகுப்பில் பேசிய மூலக் கேசட்டை எடுத்துப் பெட்டியின் மற்றொரு பக்கத்தில் போட்டேன். அதில் அமீனுதீன் சொன்னது என்னவென்றால், "நான் படிச்சது அஞ்சாங் கிளாஸு. அது போதும்னு அன்னிக்கு நெனச்சேன். மஹிரா அப்படி நின்னுடக் கூடாது, அவ எவ்ளோ படிக்கிறாளோ படிக்கட்டும்" என்பது. அவர் 'படிச்சது' என்று சொல்லும்போது எங்கள் பள்ளி மணி அடித்தது. வந்த கேசட்டில் அதே மணி பாதியில் தொடங்கிப் பாதியில் நின்றது. மற்ற வார்த்தைகள் முந்தைய வருடங்களில் அவர் குவைத்திலிருந்து வீட்டுக்குப் பேசி அனுப்பிய கேசட்டுகளில் உள்ளவை என்று மஹிரா ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். அவள் அழவில்லை. "அப்ப அத்தா எதுவும் அனுப்பலையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். 

அன்று மாலையே நான் டேப் ரிக்கார்டரை ரிக்‌ஷாவில் வைத்து எடுத்துக்கொண்டு மஹிராவுடன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. வீடு மெயின் ரோட்டைப் பார்த்தது என்பதால் அதன் முன்பக்கத்தை இடித்துக் கடை கட்ட உஸ்மான் ஆள் கூட்டி வந்து அளந்து பார்த்ததாக சுல்தானா சொன்னார். நான் இரண்டு கேசட்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். அவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி போடுங்க டீச்சர்" என்றார். மறுபடி போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து நான் விளக்கத் தொடங்கினேன். "வெளங்கிடுச்சுங்க. நெசமா அவரு பேசுனத கேட்டு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றார்.

அந்த நேரம் உஸ்மான் உள்ளே வந்தார். டேப் ரிக்கார்டரைப் பார்த்துவிட்டு நின்றார். சுல்தானா, "தம்பி, அவரு உசுரோட இருக்காரா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். உஸ்மான் என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், "டீச்சர், நீங்க பாடம் சொல்லித்தர வந்தவங்க. எங்க குடும்பத்துக்குள்ள வராதீங்க. உங்க கொரலும் எங்கிட்ட நெறைய கெடக்குது" என்று சொன்னார். வீட்டிலிருந்த கேசட்டுகள் எல்லாவற்றையும் அவர் முன்பே கடைக்கு எடுத்துப் போய்விட்டது அப்போதுதான் தெரிய வந்தது.

அதன் பிறகு சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. சுல்தானா பெட்டிகளைப் பிரித்துவிட்டார், மஹிரா பள்ளிக்கு வந்தாள். டிசம்பர் மாதம் ஒரு நாள் மாலை நான் பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை பெய்ததால் ஜன்னல் தட்டிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் முன் என் குரல் கேட்டது. "சாயந்தரம் வாங்க. ஆய்வுக்கூடம் தெறந்துதான் இருக்கும். யாருக்கும் தெரியாது. தனியா வாங்க" என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அதன் பிறகு அடுத்த பாட்டு வந்தது.  கண்டக்டர் முதலில் ஸ்பீக்கரையும் பிறகு என்னையும் பார்த்தார். எனக்கு முன் சீட்டில் இருந்த தங்கம்மாள் என்ற எங்கள் தெருக்காரர் திரும்பாமலே தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் என் ஊருக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, மழையில் நடந்து வீட்டுக்குப் போனேன்.

கண்டக்டரிடம் பிறகு விசாரித்ததில் அந்தக் கேசட் உஸ்மான் கடையில் பதிந்தது என்று தெரிந்தது. அந்த வாரம் அவர் கடையில் பாட்டுப் பதிந்து வாங்கிய பலருடைய கேசட்டிலும் இரண்டு பாட்டுக்கு நடுவில் என் குரல் இருந்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு டீக்கடையிலும் கேட்டதாகச் சொன்னார்கள். நான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேசட்டை வாங்கிப் போட்டுக் கேட்டார். "எனக்குத் தெரியும் இது நீ சொன்னதில்லன்னு. ஆனா ஊர்ல எவன் ஒட்டு தெரியுதான்னு பாக்கப் போறான்? கேக்கறதத்தான் நம்புவான். போலீஸு கீலீஸுன்னு போவாத. அவன் அடுத்தது என்ன பண்ணுவானோ" என்றார். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார். பஸ் கிளம்பும்வரை பாட்டுப் போட விடமாட்டார்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமை காலையில் பெற்றோர்கள் சிலர் கேசட்டுடன் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியை என்னைக் கொஞ்ச நாள் லீவில் போகச் சொன்னார். நான், "போறேன் மேடம். அதுக்கு முன்னாடி இத எல்லாரு முன்னாடியும் நானே போடறேன். புள்ளைங்க கேக்கட்டும்" என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். பத்தாம் வகுப்பு அறையில் பிள்ளைகள் பெஞ்சில் இருந்தார்கள், பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள். நான் கேசட்டைப் போட்டுவிட்டு, "இது எத்தன துண்டு? எது எங்கேர்ந்து வந்துதுன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். 

 ஓடு சூளைக்காரர் மணியின் மகள் திரௌபதி எழுந்து, "தெறந்துதான் இருக்கும்னு சொல்றது மழ பேஞ்ச அன்னிக்கு டீச்சர். பின்னாடி மழ கேக்குது. அடுத்த வார்த்தையில மழ இல்ல பாருங்க" என்றாள். இன்னொரு பெண், 'யாருக்கும் தெரியாது' என்பது கேட்காமல் பதிவு செய்வது தப்பு என்று நான் சொன்ன பாடத்தில் வந்தது என்றாள். சிரிப்பு, மூன்று நாள் விடுமுறைக் கேசட்டைக் கேட்டு நான் சிரித்தது என்று மஹிரா சொன்னாள். மூலக் கேசட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாம் இருந்தன.

பெற்றோர்கள் சத்தம் போடுவதை நிறுத்தினார்கள். தலைமையாசிரியையும் நான் லீவில் போக வேண்டாம் என்றார். ஆனால் திரௌபதியின் தகப்பனார் மணி என்னிடம் வந்து, "நாங்க அவன் கடையில நின்னு பேசினதும் அவங்கிட்ட இருக்குமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கு அவர், "பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா இந்தப் பொட்டி இனிமே அவளுக்கு வேணாங்க" என்று சொல்லி மகளை அழைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வருகிறார்கள். நான் வகுப்பை நிறுத்தவில்லை.

அதன் பேரில் நானும் சுல்தானாவும் தனித்தனியாக இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். உஸ்மான் கடையில் கைப்பற்றிய கேசட்டுகளை இன்று உதவி ஆய்வாளர் ஐயா அவர்கள் என் முன்பாகவும் சுல்தானா, மஹிரா, உஸ்மான் ஆகியோர் முன்பாகவும் போட்டு, குரல்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். என் குரல் உள்ளவற்றை அடையாளம் காட்டினேன். மேலெழுத்து எதுவும் இல்லாத ஒரு கேசட்டில் அமீனுதீன் குரல் இருந்தது. ரம்ஜானுக்கு வருவீர்களா என்று வகுப்பில் மஹிரா கேட்டதற்கு, "வர மாட்டேன், லீவு கெடைக்காது" என்று அவர் சொன்ன பதில் அதில் வெட்டப்பட்டு, "இனிமே வர மாட்டேன்" என்று இருந்தது. அதே வாசகம் திரும்பத் திரும்ப, இடைவெளி கூட்டியும் குறைத்தும், சரியாக வரும்வரை செய்து பார்த்தது போல இருந்தது. கடைசியாக இருந்ததில் ஒட்டியதே தெரியவில்லை.

ஐயா அவர்கள் உஸ்மானிடம், "ஒங்கண்ணன் செத்துட்டானா? ஒனக்குத் தகவல் வந்துதா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க. பரங்கிப்பேட்டை ஆளுன்னு யாரும் வரல. அண்ணன பத்தி எனக்கும் ஒண்ணும் தெரியாது" என்றார். பின் எதற்காக இதைச் செய்து வைத்தாய் என்று கேட்டதற்கு, "என்னிக்காவது தேவப்படும்னு" என்று சொன்னார்.

அதன் பிறகு கேசட்டுகளை வழக்குச் சொத்தாக உறையில் போட்டு அரக்கு வைக்க எடுத்தபோது, சுல்தானா எழுந்து வந்து, நாங்கள் புகாருடன் கொடுத்திருந்த, நவம்பரில் வந்த அந்த முதல் கேசட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இது பொய்யின்னு எனக்குத் தெரியும் சார். ஆனா 'நான் நல்லா இருக்கேன்'னு சொல்றது அவருதானே. எப்ப சொன்னதா இருந்தா என்ன" என்றார். பெண் காவலர் கையை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. மஹிராதான் தாயாரின் கையை மெதுவாக விலக்கி உறைக்குள் கேசட்டைத் தானே போட்டாள். போட்டுவிட்டு, அங்கே சண்டை பெரிதாகப் போவதாக ரேடியோவில் சொல்கிறார்களே, அது உண்மையா என்று என்னிடம் கேட்டாள்.

அந்தக் கேசட்டை வழக்கு முடியும்வரை வைத்திருப்பதானால், அரக்கு வைக்கும் முன் அதற்கு ஒரு பிரதி எடுத்து சுல்தானாவுக்குக் கொடுக்க அனுமதிக்குமாறும், பிரதியை நானே பள்ளி டேப் ரிக்கார்டரில் எடுத்துத் தருவதாகவும் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இது நான் யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொன்னது. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வி. மகேஸ்வரி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது,
உதவி ஆய்வாளர்.